உயர் இரத்த அழுத்தமும் மூளைத் தமனிகளின் இறுக்கமும்: எது எதற்குக் காரணம்?

கேட்டிருப்பவர் தம் தந்தையாரைப் பற்றி எழுதியிருக்கிறார். தந்தையாருக்கு வயது 68. இருபது ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையைச் சில காலம் உட்கொள்வதும் உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினால் நிறுத்திவிடுவதுமாக இருந்திருக்கிறார். அண்மையில் நடையில் சிறு தடுமாற்றம் தெரிந்ததால் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில், மூளையின் சிறு இரத்தக் குழாய்களில் நாள்பட்ட மாற்றங்கள் இருப்பதாகவும், ஆழப்பகுதியில் பழைய சிறு குழிகள் இரண்டு இருப்பதாகவும் குறித்திருக்கிறார்கள். அழுத்தத்தால் தமனிகள் இறுகினவா, தமனிகள் இறுகியதால் அழுத்தம் ஏறியதா என்பது அவருடைய முதல் கேள்வி. இறுகிப்போன குழாய்களின் வழியே இரத்தம் போய்ச் சேர அழுத்தம் வேண்டும், அதைக் குறைத்தால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும் என்று சொல்லி உறவினர் ஒருவர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரே, அது சரியா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை, இரண்டும் உண்மை என்பதே; ஆனால் இரண்டும் உடம்பின் ஒரே இடத்தில் நடப்பவை அல்ல. இரண்டாவது கேள்விக்கு விடை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது. உறவினர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

தமனி இறுக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு நிகழ்வுகளைக் குறிக்கும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் பெருங்கிளைகளும் வயதாக ஆக நெகிழ்வை இழந்து விறைத்துப்போவது ஒன்று. கழுத்துத் தமனிகளிலும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள தமனிகளிலும் கொழுப்பும் சுண்ணமும் படிந்து உட்புறம் குறுகிப்போவது இன்னொன்று. மூளையின் ஆழத்துக்குள் நுழையும், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்தமனிகளின் சுவர் தடித்து, தசை அழிந்து, கண்ணாடி போன்ற ஒரு பொருளால் நிரம்பிவிடுவது மூன்றாவது. இவற்றுள் உயர் இரத்த அழுத்தத்தோடு மிக நெருங்கிய உறவுடையது மூன்றாவதுதான். உங்கள் தந்தையாரின் அறிக்கை சொல்வதும் பெரும்பாலும் அதைத்தான்.

மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் இரத்தம், ஓய்வு ஒழிவு இல்லாமல், உறக்கத்திலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரத்தம் இரண்டு வகையான வழிகளில் மூளைத் திசுவைச் சென்றடைகிறது. மூளையின் மேற்பரப்புக்குச் செல்லும் தமனிகள் பலமுறை கிளைத்துக் கிளைத்து மெலிந்து போகின்றன. ஒவ்வொரு கிளைப்பிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. ஆழப்பகுதிக்குச் செல்லும் நுண்தமனிகளோ, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள நடுமூளைத் தமனி போன்ற பெரிய குழாயிலிருந்து நேராகச் செங்குத்தாகப் பிரிந்து உள்ளே நுழைகின்றன. ஆற்றிலிருந்து தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், வயல்வாய்க்கால் என்று பிரிந்து வரும் நீருக்கும், ஆற்றங்கரையிலேயே வெட்டிய மடை வழியாகப் பாயும் நீருக்கும் உள்ள வேகத்தை வயல்வெளியில் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் முதலில் அரிப்பது கரைமடையைத்தான். மூளையிலும் அப்படியே: மூளையின் ஆழத்திலுள்ள அடிமூளை உட்கருக்கள், தலாமஸ், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ், சிறுமூளை ஆகிய இடங்களில்தான் உயர் அழுத்தத்தின் சேதம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அந்த நுண்தமனிகளுக்கு மாற்று வழியும் கிடையாது. ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாய் வந்து அந்தப் பகுதியைக் காப்பாற்றுவதில்லை.

தொடக்கத்தில் இந்த நுண்தமனிகள் தங்களைக் காத்துக்கொள்ளவே முயல்கின்றன. அழுத்தம் கூடும்போது சுவரிலுள்ள தசை சுருங்கி, உள்ளே போகும் இரத்தத்தின் அளவை மட்டுப்படுத்துகிறது. மாதங்களும் ஆண்டுகளும் இப்படியே போனால் அந்தச் சுருக்கமே நிலையான அமைப்பாகிவிடுகிறது: சுவர் தடித்து, உட்துளை சிறுத்து, குழாய் புதிய வடிவத்தில் நிலைத்துவிடுகிறது. இதைத் தற்காப்பு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடித்த சுவர் அதன் பின்னாலுள்ள மெல்லிய தந்துகிகளை அழுத்தத்தின் தாக்குதலிலிருந்து காக்கிறது. ஆனால் அழுத்தம் தணியாமல் நீடிக்கும்போது உட்படலம் பழுதடைகிறது. இரத்தத்தின் புரதங்கள் சுவருக்குள் கசிகின்றன. தசைச் செல்கள் இறக்கின்றன. அந்த இடத்தை விறைப்பான நார்ப் புரதமான கொலாஜனும் கண்ணாடி போன்ற பொருளும் நிரப்புகின்றன. அப்போது அந்தக் குழாய்க்குச் சுருங்கவும் தெரியாது, விரியவும் தெரியாது. இறுக்கம் என்ற சொல் முழுப்பொருளில் பொருந்துவது இந்த நிலைக்குத்தான்.

இப்படிப் பழுதான ஒரே குழாய் இரண்டு எதிரெதிரான முடிவுகளுக்கு வரக்கூடும் என்பதுதான் இந்நோயில் என்னை எப்போதும் வியக்கவும் வருந்தவும் வைப்பது. உட்துளை முழுதாக அடைபட்டுப்போனால், 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவில் மூளைத் திசு செத்து ஒரு சிறு குழியாகிறது. அதே சுவர் வலுவிழந்து கிழிந்தால் மூளைக்குள் இரத்தம் பெருகுகிறது. 1868ஆம் ஆண்டிலேயே பிரான்சில் ஷார்கோ, புஷார் என்ற இரு மருத்துவர்கள், மூளை இரத்தக்கசிவால் இறந்தவர்களின் நுண்தமனிகளில் தினைபோன்ற சிறு வீக்கங்களைக் கண்டு எழுதினார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் பணியாற்றிய கனடிய நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி ஒவ்வொரு சிறு குழியையும் அதற்குரிய குழாய்வரை பின்தொடர்ந்து, உயர் அழுத்தம், சுவர்ச் சிதைவு, குழி என்ற சங்கிலியை நிறுவினார். அவர் பொறுமைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். சிறு குழிகளில் பல எந்த அறிகுறியும் காட்டாமல் உருவாகின்றன. உங்கள் தந்தையாருடைய இரண்டும் எப்போது உண்டாயின என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

சிகிச்சை இல்லாத உயர் அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் எண்களோடு பதிவாகியிருக்கும் சான்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை. 1941இல் அவருடைய அழுத்தம் 188/105. 1944 மார்ச்சில் கடற்படை மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அவரைச் சோதித்தபோது 186/108. இதயம் வீங்கி, செயல் குன்றியிருந்தது. இதயத்தின் செயலுக்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ், உப்புக் குறைத்த உணவு, ஓய்வு, புகைப்பதைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு மேல் அன்று கொடுக்க எதுவும் இல்லை. நார்மண்டிப் படையிறக்கம் நடந்த அந்த ஆண்டு ஜூனில் 226/118. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் தம்மை வரைவதற்காக அமர்ந்திருந்தபோது, பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லி நினைவிழந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. அன்று பிற்பகலே மூளை இரத்தக்கசிவால் இறந்தார், வயது 63. புரூயன் இந்தக் குறிப்புகளை 1970இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். பிணக்கூறாய்வு நடக்கவில்லை; ஆகவே அவருடைய தமனிகள் எப்படி இருந்தன என்று நேரில் பார்த்துச் சொன்னவர் இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் தணியாமல் இருந்து மேலும் ஏறிப்போன அந்த எண்கள் வேறொன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை போன்ற ஒன்றும் உலகின் மிகுந்த அதிகாரம் படைத்த மனிதருக்கு அன்று கிடைக்கவில்லை. நன்கு தாங்கக்கூடிய முதல் அழுத்த மாத்திரைகளில் ஒன்றான குளோரோதையசைடு விற்பனைக்கு வந்தது 1958இல்தான்.

இனி எதிர்த்திசை. இறுகிய தமனி அழுத்தத்தை ஏற்றுமா? ஏற்றும், ஆனால் அது மூளைத் தமனியாக இருப்பதில்லை, பெருந்தமனியாக இருக்கும். இளமையில் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து இரத்தத்தில் ஒரு பங்கைத் தேக்கிக்கொண்டு, இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில் அதை மெல்ல வெளியே விடுகிறது. வயதோடு அதிலுள்ள, நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்து கொலாஜன் மிகும்போது இந்தத் தாங்கும் தன்மை குறைகிறது. மேல் எண் ஏறுகிறது, கீழ் எண் இறங்குகிறது. அறுபதைக் கடந்தவர்களுக்கு 170/75 போன்ற அளவுகள் வருவது இதனால்தான். கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள அகன்ற இடைவெளியே தமனி விறைத்ததன் அடையாளம். மூளையின் இரத்தக் குழாய்கள் இரத்தத்தைத் தடையின்றி உள்வாங்கும் அமைப்புடையவை என்பதால், பெருந்தமனி தாங்கிக்கொள்ளாமல் விட்ட அந்த அதிர்வு முழுவதும் துடிப்புக்குத் துடிப்பு நுண்தமனிகள்வரை இறங்குகிறது. அப்படி இறங்கும்போது நுண்தமனி இன்னும் சிதைகிறது. அழுத்தம் பெருந்தமனியை விறைக்க வைக்கிறது, விறைத்த பெருந்தமனி அழுத்தத்தை ஏற்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் அடிவாங்குவது மூளை. எந்த இடத்தில் இந்தச் சுழற்சி தொடங்கியது என்று ஒருவருக்குத் தனியாகக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இயலாது; நிறுத்தக்கூடிய இடம் எது என்பது தெரியும், அது அழுத்தம்.

எல்லா மூளைத் தமனி இறுக்கமும் அழுத்தத்தால் மட்டுமே வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1922 மே மாதத்தில் முதல் பக்கவாதம் கண்ட லெனின், அந்த ஆண்டு டிசம்பரிலும் 1923 மார்ச்சிலும் மறுபடி தாக்கப்பட்டுப் பேச்சை இழந்து, 1924 ஜனவரி 21இல் 53 வயதில் இறந்தார். பிணக்கூறாய்வில் அவருடைய மூளைத் தமனிகளில் சுண்ணம் படிந்து, கருவியால் தட்டினால் கல்லைத் தட்டியது போன்ற ஓசை எழுந்தது என்று பதிவு உண்டு. இடப்பக்க உட்கழுத்துத் தமனி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. அவருக்கு நீண்டகால உயர் அழுத்தம் இருந்ததாகக் காட்டும் உறுதியான பதிவு இல்லை. அவருடைய தந்தையும் 54 வயதில் மூளை இரத்தக்கசிவால் இறந்தவர் என்பதால் பரம்பரைக் கூறு பற்றிய பேச்சு இன்றும் நடக்கிறது. பெரிய தமனிகளில் நடக்கும் கொழுப்பு, சுண்ணப் படிவில் கொலஸ்ட்ரால், சர்க்கரை நோய், புகைபிடித்தல், பரம்பரை ஆகியவற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. அழுத்தம் அந்தப் படிவை விரைவுபடுத்துகிறது. ஆகவே ஸ்கேனில் தமனி இறுக்கம் என்று வந்தால் பி.பி.யை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

உறவினரின் கருத்துக்கு வருவோம். அது அவர் தாமாகக் கண்டுபிடித்தது அல்ல. ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களே கொண்டிருந்த கருத்து. அமெரிக்க இதயநோய் மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பால் டட்லி ஒயிட் 1931இல், உயர் அழுத்தம் உடலின் ஈடுசெய்யும் ஏற்பாடாக இருக்கலாம், அதில் கைவைக்கக் கூடாது என்ற பொருள்பட எழுதினார். குறுகிய குழாய்க்கு அதிக அழுத்தம் தேவை என்பது காதுக்கு இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் மூளைத் தமனிகள் வெறும் குழாய்கள் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாஸன் 1959இல் தொகுத்துக் காட்டியதுபோல், சராசரித் தமனி அழுத்தம் (மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்ட சராசரி) ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம்வரை எங்கே இருந்தாலும், தமனிகள் தம்மை விரித்தும் சுருக்கியும் மூளைக்கான இரத்த ஓட்டத்தைப் பெரிய மாற்றமின்றிக் காத்துக்கொள்கின்றன. மேல் எண் 170லிருந்து 130க்கு மெல்ல இறங்கினால் மூளைக்கு இரத்தம் குறைவதில்லை. குழாய்கள் அந்த அளவுக்கு விரிந்து கொடுக்கின்றன.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு துளி உண்மை இங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தில் வாழ்ந்தவரின் மூளையில் இந்த எல்லைகள் இரண்டும் மேலே நகர்ந்துவிடுகின்றன. மற்றவருக்குத் தொல்லை தராத ஓர் அளவுக்கு அவருடைய அழுத்தம் சில நிமிடங்களில் இறக்கப்பட்டால், இறுகிய நுண்தமனிகளால் அந்த வேகத்துக்கு விரிய முடியாமல் மூளை இரத்தமின்றித் தவிக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தான நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் கடித்து நாக்கின் அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அழுத்தம் தடாலென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்த நிகழ்வுகள் சேர்ந்ததால் 1990களின் நடுப்பகுதியில் அதைக் கைவிடச் சொன்னார்கள். வீட்டில் அளவு அதிகமாகத் தெரிந்தவுடன் கூடுதலாக இரண்டு மாத்திரை விழுங்குவதும் அதே தவறுதான். குழாய் அடைத்து வந்த பக்கவாதத்தின் முதல் மணிநேரங்களில் ஏறியிருக்கும் அழுத்தத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் உடனே இறக்காமல் இருப்பதற்கும், இருபக்கக் கழுத்துத் தமனிகளும் மிகக் குறுகியவர்களுக்கு நிதானமாக இறக்குவதற்கும் இதுவே காரணம். இவை எல்லாம் வேகத்தைப் பற்றிய எச்சரிக்கைகள். வாரக்கணக்கில் மெல்லக் குறைக்கும்போது, மேலே நகர்ந்த எல்லைகளும் பலருக்குக் கீழே திரும்பி வருகின்றன. உறவினரின் அச்சம் வேகத்துக்குப் பொருந்தும், சிகிச்சைக்குப் பொருந்தாது.

இறுகிய தமனிகளோடு இருக்கும் முதியவர்களுக்கு அழுத்தத்தைக் குறைப்பது நன்மையா என்பது ஊகத்துக்கு விடப்பட்ட கேள்வியாகவும் இல்லை. மேல் எண் மட்டும் 160க்கு மேலிருந்த, அதாவது பெருந்தமனி விறைத்துப்போன, 60 வயதைக் கடந்த 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஷெப் ஆய்வின் முடிவு 1991இல் வெளியாயிற்று. மாத்திரை பெற்றவர்களிடம் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்திருந்தது. ஏற்கெனவே பக்கவாதமோ, விரைவில் தானே சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதத் தாக்கமோ கண்ட 6,105 பேரை வைத்து நடந்த ப்ராக்ரஸ் ஆய்வு 2001இல், மறு பக்கவாதம் 28 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும் பயன் உண்டு என்பதை 2008இல் ஹைவெட் ஆய்வு காட்டிய பிறகு, வயதாகிவிட்டது, இனி எதற்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. நினைவாற்றலைப் பொறுத்தும் 2019இல் ஒரு முக்கியமான முடிவு வந்தது: மேல் எண்ணை 120க்குக் கீழே வைக்க முயன்ற குழுவில், 140ஐ இலக்காகக் கொண்ட குழுவைவிட, லேசான அறிவாற்றல் குறைவு 19 விழுக்காடு குறைவாக இருந்தது, மூளையின் வெண்பொருளில் தோன்றும் புண்திட்டுகளும் மெதுவாகவே வளர்ந்தன. குறைந்த அழுத்தம் மூளையைப் பட்டினி போடும் என்பது உண்மையாயிருந்தால் முடிவுகள் தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

அந்த வெண்பொருள் திட்டுகள்தாம் உங்கள் தந்தையாரின் நடைத் தடுமாற்றத்துக்கும் காரணமாக இருக்கக்கூடும். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் வெண்பொருளில்தான் ஓடுகின்றன; நுண்தமனிகள் பழுதாகி அந்த இழைகள் நலிந்தால் முதலில் தெரிவது மறதி அன்று. நடை தயங்குவது, அடி சிறுப்பது, ஒரு வேலையைத் திட்டமிட நேரம் எடுப்பது, சிறுநீரை அடக்க முடியாத அவசரம், சிடுசிடுப்பு அல்லது ஆர்வமின்மை ஆகியவை முன்னே வரும். வயசாகிவிட்டது என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிற அறிகுறிகள் இவை. ஏற்கெனவே உண்டான குழிகள் மறையா. இறந்த திசு திரும்பி வருவதில்லை. அடுத்த குழி விழாமல் பார்த்துக்கொள்வதும், திட்டுகள் பரவும் வேகத்தை மட்டுப்படுத்துவதும் நம் கையில் இருக்கின்றன.

ஆகவே அவர் மாத்திரையை நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் பழக்கம்தான் இப்போது மிக அவசரமாகத் திருத்தப்பட வேண்டியது. ஒருநாள் 180, ஒருநாள் 130 என்று ஏறியிறங்கும் அழுத்தம் இறுகிய நுண்தமனிகளுக்குத் தீங்கானது. மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் படங்களோடு, வீட்டில் காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் தடவை இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலோ அதையே பின்னர் பயன்படுத்துங்கள். உட்கார்ந்து அளந்ததோடு நிறுத்தாமல், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்க வேண்டும். நடை தடுமாறும் ஒருவருக்கு நிற்கும்போது மேல் எண் 20 புள்ளிக்கு மேல் விழுந்தால், மாத்திரையின் அளவையும் வேளையையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். கழுத்துத் தமனிகளுக்கான டாப்ளர் ஸ்கேன், சர்க்கரை, கொலஸ்ட்ரால், நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கான இ.சி.ஜி. ஆகியவை எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோற்றில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றைத் தொடர்ந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். முகம் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சுக் குழறுவது இவற்றுள் ஒன்று திடீரென்று தெரிந்தால், அழுத்தத்தை அளந்துகொண்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டும் வீட்டில் காத்திராமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணிநேரம்தான் பொதுவான கெடு, அதிலும் முந்திப் போவோருக்கே பயன் கூடுதல்.